மூளையின் வாயிலில் மருந்துக்கு என்ன நேர்கிறது?

க.பொ.த. உயர்தரம், உயிரியற் பிரிவு

ஒரு மனிதரின் மூளையில் டோபமின் என்னும் இரசாயனப் பொருள் குறைந்துவிட்டது. அதனால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, முகம் அசைவற்றுப் போகிறது. இதுதான் பார்க்கின்சன் நோய். நம் ஊரில் பெரியவர்கள் இதை 'நடுக்குவாதம்' என்பார்கள். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் குறைந்தால் இன்சுலின் ஊசி போடுகிறார்கள். அப்படியானால் இவருக்கு டோபமினையே ஊசி மூலம் ஏற்றிவிடலாம் அல்லவா?

ஏற்றலாம். ஆனால் பயன் இல்லை. குருதியில் எவ்வளவு டோபமின் ஓடினாலும் அதில் ஒரு துளிகூட மூளைக்குள் போகாது என்றே சொல்லலாம். நடுவில் ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடை எதனால் ஆனது, அதைக் கடந்து மருந்துகள் எவ்வாறு போகின்றன, 'ஒட்சியேற்றத் தகைப்பு' என்ற நிலை அந்தத் தடையை என்ன செய்கிறது என்பவற்றைத் தோழியருக்கு எளிதாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வீடுகளில் குளிசை எடுக்கும் முதியவர்களுக்கும் இதனால் பயன் உண்டு என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

தடை கண்டறியப்பட்ட விதம்

1885ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி போல் ஏர்லிக், விலங்குகளின் குருதியில் சில சாயங்களைச் செலுத்தினார். உடலின் உறுப்புகள் யாவும் நிறம் பெற்றன. மூளை மட்டும் நிறம் மாறவில்லை. மூளைக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கும் தன்மை இல்லைப்போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் அதே ஆய்வைத் திருப்பிச் செய்தார். சாயத்தைக் குருதியில் விடாமல், மூளையைச் சூழ்ந்திருக்கும் பாய்பொருளினுள் செலுத்தினார். இம்முறை மூளை நன்றாக நிறமேறியது, ஏனைய உறுப்புகள் நிறமேறவில்லை. ஆகவே குருதிக்கும் மூளைக்கும் இடையில் ஏதோ ஒன்று மறித்து நிற்கிறது என்பது தெளிவாயிற்று. 1967இல் ரீஸ், கார்னொவ்ஸ்கி ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியுடன் அந்தத் தடை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டினார்கள்.

அது தனியான ஒரு சுவர் அல்ல. மூளையிலுள்ள மயிர்த்துளைக்குழாய்களின் உட்புறத்தை மூடியுள்ள அகவணிக் கலங்களே அந்தத் தடை. உடலின் பிற இடங்களில் இந்தக் கலங்களுக்கிடையே சிறு இடைவெளிகள் இருக்கும். மூளையில் அவை 'இறுக்கச் சந்தி'களால் ஒன்றோடொன்று தைத்ததுபோல் இணைக்கப்பட்டுள்ளன. குளோடின், ஒக்குலுடின் என்னும் புரதங்களே அங்கே நூலின் வேலையைச் செய்கின்றன. வெளிப்புறத்தில் உடுவுருக் கலங்கள் தம் பாதங்களால் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இந்த அமைப்பு முழுவதையும் குருதி மூளைத் தடை என்கிறோம்.

உள்ளே போகும் வழிகள்

இந்தத் தடையைக் கடக்க வழிகள் சிலவே உண்டு.

முதலாவது, கொழுப்பில் கரைந்து மென்சவ்வினூடாகவே பரவிச் செல்வது. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு ஆகியவை இப்படித்தான் போகின்றன. சிறியனவும், ஏற்றம் இல்லாதனவும், கொழுப்பில் கரையக்கூடியனவுமான மருந்துகளும் இவ்வழியே போகும். தடிமனுக்குப் பிரிட்டன் குளிசை போட்டால் நித்திரை வருவதை எல்லோரும் அறிவோம். அது இந்த வழியால் மூளைக்குள் நுழைந்து அங்கும் வேலை செய்வதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, காவிப் புரதங்களின் உதவியுடன் செல்வது. மூளைக்கு வேண்டிய குளுக்கோசுக்கு ஒரு காவி, சில அமினோ அமிலங்களுக்கு இன்னொரு காவி என்று தனித்தனி வாயில்கள் உண்டு. உரிய உருவம் உள்ள மூலக்கூறுக்கே வாயில் திறக்கும்.

இவற்றுக்கு எதிராக வேலை செய்யும் ஒன்றும் உண்டு. அதுதான் பி-கிளைக்கோபுரதம் என்னும் பம்பி. உள்ளே நுழைய முயலும் அந்நியப் பொருள்களைப் பிடித்து, ஏ.ரி.பி.யைச் செலவழித்து, மீண்டும் குருதிக்குள்ளேயே அது தள்ளிவிடுகிறது. இதன் முக்கியத்துவம் 1994இல் எதிர்பாராத விதமாக வெளிப்பட்டது. நெதர்லாந்தில் சிங்கெல் என்பவரின் ஆய்வுகூடத்தில், இந்தப் பம்பிக்குரிய பரம்பரையலகு நீக்கப்பட்ட எலிகளை வளர்த்தார்கள். அவற்றுக்கு உண்ணித் தொல்லை ஏற்பட, வழக்கமாகப் பாவிக்கும் ஐவர்மெக்டின் மருந்தைத் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பி இல்லாத எலிகள் இறந்துபோயின. பரிசோதித்துப் பார்த்தபோது அவை அம்மருந்துக்கு ஏறத்தாழ 100 மடங்கு உணர்திறன் கொண்டிருந்தது தெரியவந்தது. மருந்து மூளைக்குள் தடையின்றிச் சேர்ந்துவிட்டிருந்தது.

பூனைக்காலி தந்த விடை

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். டோபமின் ஏன் உள்ளே போவதில்லை? அதன் மூலக்கூற்றுத் திணிவு 153 மட்டுமே. அளவில் அது சிறியதுதான். ஆனால் குருதியின் பீஎச் பெறுமானத்தில் அது நேரேற்றம் பெற்றிருக்கும். கொழுப்பில் கரையாது. அதை ஏற்றிச் செல்லும் காவியும் அந்தத் தடையில் இல்லை.

ஆனால் டோபமினின் முன்னோடிப் பொருளான லெவோடோபாவின் மூலக்கூற்றுத் திணிவு 197. டோபமினைவிடப் பெரியதாக இருந்தும் அது உள்ளே போகிறது. எப்படி? லெவோடோபா ஓர் அமினோ அமிலம். தைரோசின், பீனைலலனின் ஆகியவற்றைப் போன்ற உருவம் உடையது. ஆகவே அவற்றுக்குரிய காவி இதையும் ஏற்றிச் செல்கிறது. மூளைக்குள் சென்றதும் ஒரு நொதியம் அதிலிருந்து காபனீரொட்சைட்டை நீக்க, அது டோபமினாக மாறிவிடுகிறது.

இங்கே நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தி உண்டு. நம் பற்றைகளிலும் வேலிகளிலும் படரும் கொடி பூனைக்காலி. அதன் காயிலுள்ள சுணை பட்டால் தாங்க முடியாத கடி உண்டாகும். அதன் வித்துகளைச் சித்த, ஆயுள்வேத வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1937ஆம் ஆண்டில் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த வித்துகளிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதை உணர்த்துவதிலும் நம் பிராந்தியத்து மூலிகை ஒன்றுக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தியிலிருந்து பெறப்பட்ட ரிசெர்ப்பின் என்ற மருந்தைக் கொடுத்தபோது முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அவற்றுக்கு லெவோடோபாவைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. இவ்வழியான ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1960இல் ஹோர்னிகீவிச் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டார். 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்க்கப்பட்டது. இன்றும் அந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. லெவோடோபாவைத் தனியே கொடுத்தால் அதிற் பெரும்பகுதி மூளையை அடையுமுன், குடலிலும் பிற உறுப்புகளிலும் டோபமினாக மாறிவிடும். மூளையை அடைவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். வெளியே உண்டாகும் டோபமின் ஓங்காளத்தையும் வாந்தியையும் தரும். இதற்காகக் கார்பிடோபா என்ற மருந்தைச் சேர்த்தார்கள். அது அந்த நொதியத்தின் தொழிலைத் தடுக்கும். ஆனால் கார்பிடோபாவால் குருதி மூளைத் தடையைக் கடக்க இயலாது. எனவே மூளைக்கு வெளியே மட்டும் மாற்றம் தடுக்கப்பட, உள்ளே அது தடையின்றி நடக்கிறது. நமக்கு இடைஞ்சலாக இருந்த தடையையே விஞ்ஞானிகள் நமக்கு உதவியாக மாற்றிவிட்டார்கள்.

ஒட்சியேற்றத் தகைப்பு என்றால் என்ன?

மூளையின் நிறை உடல் நிறையில் 2 சதவீதம் அளவே. ஆனால் உடல் பெறும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே பயன்படுத்துகிறது. ஒட்சிசன் அதிகம் எரியும் இடத்தில் அதன் கழிவும் அதிகம். இழைமணியில் இலத்திரன்கள் கடத்தப்படும்போது சில வழிதவறி ஒட்சிசனோடு சேர்ந்து சுப்பரொட்சைட்டு என்ற சுயாதீன மூலிகத்தை உண்டாக்குகின்றன. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகும். அது இரும்பு அயனைச் சந்தித்தால் மிகவும் தாக்குதிறன் உடைய ஐதரொட்சில் மூலிகம் தோன்றும். இவை கொழுப்பு, புரதம், டீ.என்.ஏ. என்று எதிர்ப்படுவதையெல்லாம் சிதைக்கும்.

இவற்றை அடக்குவதற்கு உடலில் சில நொதியங்களும் குளுட்டதயோன் போன்ற பொருள்களும் உள்ளன. உண்டாகும் மூலிகங்களின் அளவு, அடக்கும் ஆற்றலை விஞ்சிவிடும் நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு. பார்க்கின்சன் நோயில் பாதிக்கப்படும் நடுமூளைப் பகுதியில் இரும்பு அதிகம். டோபமினும் தானாகவே ஒட்சியேற்றம் அடையக்கூடியது. நோயாளிகளின் அப்பகுதியில் குளுட்டதயோன் குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

தடைக்கு நேரும் இரு மாற்றங்கள்

ஒட்சியேற்றத் தகைப்பு குருதி மூளைத் தடையையும் விட்டுவைப்பதில்லை. அகவணிக் கலங்களிலும் இழைமணிகள் உண்டு. குருதியில் வரும் மூலிகங்களும் முதலில் தாக்குவது அவற்றையே. அப்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, இறுக்கச் சந்திகள் தளர்கின்றன. குளோடினும் ஒக்குலுடினும் இடம்பெயர்கின்றன அல்லது சிதைகின்றன. புரதங்களை வெட்டும் சில நொதியங்கள் தூண்டப்பட்டு, சந்திகளை மேலும் குலைக்கின்றன. பாரிசவாதத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அடைபட்ட குருதிக்குழாய் திறந்து ஒட்சிசன் திரும்ப வரும்போது மூலிகங்கள் திடீரெனப் பெருகும். தடை கசியும். குருதியிலுள்ள நீரும் புரதமும் உள்ளே புகுந்து மூளை வீங்கும்.

இந்தக் கசிவினால் மருந்துகளும் அளவுக்கு மீறிப் போகலாம். அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் பாதத்தில் அழற்சியை உண்டாக்கினார்கள். காயம் பாதத்தில்தான், ஆனாலும் மூளையின் தடை தளர்ந்தது. கொடீன் என்ற வலிநிவாரணி வழக்கத்தைவிட அதிகமாக மூளைக்குள் போனது. மூலிகங்களை அடக்கும் டெம்போல் என்ற பொருளைக் கொடுத்தபோது அந்தக் கசிவு குறைந்தது. ஆகவே கசிவுக்கு ஒட்சியேற்றத் தகைப்பு ஒரு காரணம் என்பது தெரிகிறது.

இரண்டாவது மாற்றம் இதற்கு நேரெதிரானது. எலிகளின் மூளை அகவணிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவற்றை ஒட்சியேற்றத் தகைப்புக்கு உள்ளாக்கியபோது, அவை பி-கிளைக்கோபுரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்தன. ஆபத்து வருகிறது என்று கலம் உணர்ந்து காவலை அதிகரிக்கிறது. அந்தப் பம்பிக்கு நஞ்சு எது, மருந்து எது என்று தெரியாது. பிடிபடுவதையெல்லாம் வெளியே தள்ளும். வலிப்பு நோயாளிகள் சிலருக்கு மருந்துகள் பயன் தராமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

எனவே 'ஒட்சியேற்றத் தகைப்பு ஏற்பட்டால் மருந்து மூளைக்குள் அதிகம் போகுமா, குறைவாகப் போகுமா?' என்று கேட்டால் ஒரே விடை சொல்ல முடியாது. கலங்களுக்கு இடையிலான வெடிப்பினூடாகப் போகும் மருந்து அதிகரிக்கலாம். பம்பியால் பிடிபடும் மருந்து குறையலாம். லெவோடோபாவைப் போலக் காவியில் ஏறும் மருந்துக்குக் காவியின் நிலையே முக்கியம். மருந்தின் வழியைப் பொறுத்தே விடை அமையும். அத்துடன், தடை உடைந்தால் மருந்து இலகுவாகப் போகும்தானே என்று மகிழவும் இடமில்லை. உடைந்த வேலியால் நம் ஆடு மட்டுமா உள்ளே வரும்?

நம் தோட்டங்களில் இருந்த நஞ்சு

தடையின் வாயிலை நஞ்சும் பயன்படுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் மண்ணிலேயே உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை செய்தவர்கள் களைநாசினி என்றதும் நினைப்பது 'கிரமொக்சோன்'. அதன் இரசாயனப் பெயர் பரகுவாட். இலையில் ஒளித்தொகுப்பு நிகழும்போது அது ஓர் இலத்திரனைப் பறித்து ஒட்சிசனுக்குக் கொடுத்துச் சுப்பரொட்சைட்டை உண்டாக்கும். பின்பு பழைய நிலைக்கு வந்து மீண்டும் அதையே செய்யும். ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப மூலிகங்களை உண்டாக்குவதால் களை வாடி இறக்கிறது. மனித உடலிலும் இதே வட்டம்தான் நடக்கிறது.

பரகுவாட் இரு நேரேற்றங்கள் கொண்டது. அது மூளைக்குள் போகவே கூடாது. ஆனால் எலிகளில் நடந்த ஆய்வுகள், லெவோடோபா ஏறும் அதே அமினோ அமிலக் காவியில் பரகுவாட்டும் ஏறிச் செல்வதாகக் காட்டின.

பரகுவாட்டை ஒத்த உருவமுள்ள இன்னொரு நஞ்சின் கதையும் உண்டு. 1982இல் கலிபோர்னியாவில், சட்டவிரோதமாகத் தயாரித்த போதைப்பொருளைப் பாவித்த இளைஞர்கள் சிலர், முதியவர்களைப்போல விறைத்த உடலுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் போதைப்பொருளில் எம்.பி.ரி.பி. என்ற மாசு கலந்திருந்தது. அது கொழுப்பில் கரைந்து தடையை எளிதாகத் தாண்டியது. உள்ளே ஒரு நொதியத்தால் எம்.பி.பி. என்ற ஏற்றமுள்ள நஞ்சாக மாறி, டோபமின் கலங்களின் இழைமணிகளைத் தாக்கியது. அந்த இறுதி உருவம்தான் பரகுவாட்டை ஒத்திருக்கிறது.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பரகுவாட்டைக் கையாண்ட விவசாயிகளிடையே பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ 2.5 மடங்கு கூடுதலாகத் தொடர்புற்றிருந்ததாகக் கூறியது. தொடர்பு இருப்பதால் அதுவே காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இலங்கையில் பரகுவாட்டை நிறுத்தும் நடவடிக்கை 2008இல் தொடங்கி 2011இல் நிறைவடைந்தது. அதனால் ஏற்பட்ட உயிரிழப்புகளே அத்தடைக்கு முக்கிய காரணம். தடை வந்தாலும், இன்று எந்த மருந்தை விசிறினாலும் கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும் என்று தோட்டம் செய்யும் வாப்பாமாருக்கும் மாமாமாருக்கும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

எங்கள் ஒழுங்கையில் ஒரு மூத்தம்மா நெடுநாளாக இந்நோய்க்குக் குளிசை எடுக்கிறார். "குளிசை சில நாளைக்குக் கேக்குது, சில நாளைக்குக் கேக்குதில்ல மகள். வெள்ளிக்கிழமையில எண்டா சுத்தமாக் கேக்காது" என்று சொல்வார். அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை பகலுக்கு இறைச்சிக் கறி. குளிசையைச் சோற்றோடு சேர்த்தே விழுங்குவார். இறைச்சியிலுள்ள புரதம் சமிபாடடைந்து அமினோ அமிலங்களாகும். அவையும் லெவோடோபாவும் ஒரே காவிக்குப் போட்டியிடும். எண்ணிக்கையில் அதிகமான அமினோ அமிலங்களே வெல்லும். அவருடைய மகள் கிளினிக்கில் இதைக் கேட்டபோது, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே குளிசையை எடுக்கச் சொன்னார்களாம். இறைச்சியை விட வேண்டியிருக்கவில்லை, நேரத்தை மாற்றினால் போதுமாயிருந்தது.

இந்நோயாளிகளுக்கு ஓங்காளம் வந்தால் தாமாகக் கடையில் மருந்து வாங்கக் கூடாது. மெற்றோகுளோபிரமைட் என்ற வாந்தி மருந்து தடையைக் கடந்து, மூளையில் டோபமினின் வேலையைத் தடுத்து, நடுக்கத்தைக் கூட்டிவிடும். டொம்பெரிடோன் பெரும்பாலும் தடையைக் கடப்பதில்லை. எதைக் கொடுப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நோன்பு காலம் இன்னொரு விடயம். லெவோடோபா குருதியில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிடும். ஸஹரில் எடுத்த குளிசை நோன்பு திறக்கும்வரை நிற்காது. இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுப்பதே முறை.

பூனைக்காலித் தூளை வாங்கித் தின்றால் என்ன என்றும் கேட்பார்கள். 2004இல் இலண்டனில் 8 நோயாளிகளில் செய்த ஆய்வில், 30 கிராம் பூனைக்காலித் தூள் வழமையான குளிசையைவிட விரைவாக வேலை செய்தது. ஆகவே அது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் எட்டுப் பேரிடம் கண்டதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஒவ்வொரு வித்திலும் மருந்தின் அளவு வேறுபடும். ஏற்கெனவே குளிசை எடுப்பவர் இதையும் சேர்த்தால் அளவு மீறிவிடும்.

அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின்களை அள்ளிப் போட்டால் நோய் நிற்காதா? அதையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகள் பங்குபற்றிய பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 2000 அலகு விற்றமின் ஈ கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை. பரிசோதனைக் குழாயில் மூலிகத்தை அடக்கும் பொருள், உரிய கலத்தை உரிய நேரத்தில் உரிய அளவில் சென்றடைய வேண்டும். இடையில் நிற்பது அதே தடைதான்.

தோழியரே, நாம் பரீட்சைக்காக 'இறுக்கச் சந்தி' என்ற சொல்லை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். ஒரு மூத்தம்மாவின் கை நடுங்காமல் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. தடையைச் சேதப்படுத்தாமல் மருந்தை உள்ளே அனுப்பும் வழியை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அத்தேடலில் நம் கல்லூரியிலிருந்தும் ஒருத்தி சேர வேண்டும் என்பதே என் ஆசை. அதுவரை நம் வீட்டில் குளிசை எடுப்பவரிடம் இன்று ஒரு கேள்வி கேட்போம்: "இதைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா எடுக்கச் சொன்னவை?"